போன் யார் கையில்? டெல்டாப் பெண்களின் சமூக ஊடகமும் மனநலமும்: களஆய்வுக்கு ஒரு கையேடு

வழக்கமாக நடப்பது இதுதான். கூகுள் ஃபார்மில் முப்பது கேள்வி, கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சுற்று, நாலைந்து நாளில் இருநூறு பதில், ‘அதிக நேரம் இன்ஸ்டாகிராம் பார்ப்பவர்களுக்கு மனச்சோர்வு அதிகம்’ என்று ஒரு வரி முடிவு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் சமூகப்பணி, உளவியல், மகளிரியல் படிப்பவர்களுக்கும், பெண்களோடு வேலை செய்யும் அமைப்புகளுக்கும் எழுதப்படும் இந்தக் கையேட்டின் முதல் யோசனை, அந்த வழியில் போகவேண்டாம் என்பது. அந்த இருநூறு பேரும் சொந்த போன், சொந்த ரீசார்ஜ், பதில் எழுத ஒரு தனி மூலை எல்லாம் வாய்த்தவர்கள். 2019–21இல் நடந்த 5ஆவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாங்களே பயன்படுத்தும் செல்போன் வைத்திருக்கும் பெண்கள் இந்திய அளவில் 54%. இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் 33.3%, ஆண்கள் 57.1%. ஃபார்ம் எட்டாத பெண்களிடம்தான் நம் கேள்விக்கு முக்கியமான பதில் இருக்கிறது.

‘எத்தனை மணி நேரம்’ என்ற கேள்வியும் பெரிதாக எதையும் சொல்வதில்லை. ஆய்வாளர்கள் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரின் தரவுகளை வைத்து 2019இல் வெளியிட்ட கணக்கில், நல்வாழ்வில் தெரியும் ஏற்ற இறக்கத்தில் டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்க முடிந்தது அதிகபட்சம் 0.4% மட்டுமே. அதனால் மணிக்கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, போன் யாருடையது, அதை யார் பார்க்கிறார்கள், அதில் அவளுக்கு என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பெண்ணிய ஆய்வு என்பதற்கு இங்கே நடைமுறைப் பொருள் அதுதான். தலைப்பில் அந்தச் சொல்லைப் போட்டுவிட்டு உள்ளே பழைய ஃபார்மையே வைத்திருக்கும் ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை.

கேள்வியைச் சுருக்குங்கள்

‘சமூக ஊடகம் பெண்களைப் பாதிக்கிறதா?’ என்பதற்கு யாராலும் பதில் கண்டுபிடிக்க முடியாது. ஒரு ஊடகம், ஒரு பெண்கூட்டம், ஒரு நடைமுறை என்று சுருக்குங்கள். சில மாதிரிகள்: கணவர் வளைகுடாவில் இருக்கும் பெண்களுக்கு இரவு வீடியோ காலும் தூக்கமும், சுயஉதவிக் குழு வாட்ஸ்அப்பில் கடன் பாக்கி பற்றிப் போடும் மெசேஜும் அதைத் தொடரும் அவமானமும், முதல் தலைமுறைக் கல்லூரி மாணவிகள் தங்கள் முகத்தை டிபியாக வைக்காததற்கான காரணங்கள், சொந்தக்காரர்கள் ஸ்டேட்டஸ் வைத்து ஜாடையாகக் குத்திக்காட்டுவது. கடைசியில் சொன்னது பார்க்கச் சில்லறை விஷயமாகத் தெரியும். ஆனால் கூட்டுக்குடும்பச் சண்டை திண்ணையிலிருந்து ஸ்டேட்டஸுக்கு மாறிவிட்ட ஊர்களில் மருமகளின் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். யாரும் அதை அளந்து பார்ப்பதில்லை.

கெடுதலை மட்டும் தேடிப் போகவும் கூடாது. நடவுக்கு ஆள் கூப்பிடுவது வாட்ஸ்அப்பில். டிஎன்பிஎஸ்சி படிப்பு டெலிகிராமில். ஆரி வேலையும் பிளவுஸ் கட்டிங்கும் யூடியூபில். இவற்றைக் கேட்காத ஆய்வு பெண்களை வெறும் பாதிக்கப்பட்டவர்களாக எழுதி முடித்துவிடும்.

போன் வரைபடம்

பேட்டியின் முதல் பத்து நிமிடம் இதற்கு. ஒரு வெள்ளைத் தாளில் வீட்டை வரையச் சொல்லுங்கள்: திண்ணை, கூடம், அடுப்படி, கொல்லை. வீட்டில் எத்தனை போன் என்று கேட்டு, ஒவ்வொன்றும் பகலில் எங்கே இருக்கும், ராத்திரி எங்கே சார்ஜ் ஏறும் என்று புள்ளி வைக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தயங்காமல் செய்வார்கள். பிறகு ஒவ்வொரு போனுக்கும் இந்தக் கேள்விகள்:

- வாங்கிய காசு யாருடையது? தவணை யார் கட்டுகிறார்கள்?
- சிம் யார் பெயரில்?
- லாக் பேட்டர்ன் யாருக்கெல்லாம் தெரியும்? தெரியாமல் மாற்ற முடியுமா?
- ரீசார்ஜ் யார் போடுகிறார்கள்? 28 நாள் முடிந்து வேலிடிட்டி போனால் எத்தனை நாள் சும்மா கிடக்கும்?
- போன் வந்தால் முதலில் எடுப்பது யார்?
- நீங்கள் அனுப்பியதை, பார்த்ததை அழிப்பது உண்டா? எதை அழிப்பீர்கள்?

கடைசிக் கேள்வியில்தான் நிறைய வரும். அவசரப்படாமல் கேளுங்கள். அழிக்கும் பழக்கம் உள்ள பெண்ணிடம் ‘எதுக்கு அழிக்கிறீங்க’ என்று கேட்டால் குற்றம் சாட்டுவது போலாகிவிடும். ‘அழிக்காம விட்டா என்ன ஆகும்’ என்று கேட்டால் பேசுவார்.

வாட்ஸ்அப்பில், அதே கணக்கு வேறு எந்தக் கருவிகளில் திறந்திருக்கிறது என்று காட்டும் ‘லிங்க்டு டிவைசஸ்’ என்ற பகுதியைப் பார்க்கத் தெரியுமா என்றும் கேட்கலாம். அவர் விரும்பினால் காட்டிக்கொடுங்கள். அங்கே தெரியாத கம்ப்யூட்டர் ஒன்று இணைந்திருந்தால் உடனே லாக் அவுட் செய்யச் சொல்லும் தவறைச் செய்யாதீர்கள். லாக் அவுட் ஆன நொடியே, அந்தப் பக்கம் படித்துக்கொண்டிருப்பவருக்கு விஷயம் தெரிந்துவிடும். அன்று ராத்திரி வீட்டில் என்ன நடக்கும் என்பது அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியும்; முடிவும் அவருடையது.

எப்போது, எங்கே

மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறந்து குறுவை நடவு மும்முரமாக இருக்கும் வாரங்களில் களத்துக்குப் போனால், வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்களும் கல்லூரிப் பெண்களும்தான். கூலிக்குப் போகும் பெண்களின் குரலே பதிவாகாது. சம்பா நடவுக்கும் பொங்கலையொட்டிய அறுவடைக்கும் இதே கதை. நடவு முடிந்து முதல் களையெடுப்புக்கு முந்தைய இடைவெளியோ, அறுவடை முடிந்த கோடைக்காலமோ தோதானது. நாகப்பட்டினம், மயிலாடுதுறைக் கடலோரத்தில் கணக்கு வேறு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகும் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், பெண்களுக்குத் தனியாகப் பேச இடம் இருக்காது. அங்கே அந்த இரண்டு மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். வயல் ஊருக்கும் கடலோர ஊருக்கும் ஒரே கால அட்டவணை போட்டால் இரண்டில் ஒன்று கெடும்.

இடம் இன்னும் முக்கியம். ஊர்ப் பொது மண்டபம், கோயில் வாசல், பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக் கூடம் என்று வசதியாகக் கிடைக்கும் இடங்களுக்குக் காலனிப் பெண்கள் வரமாட்டார்கள். வந்தாலும் வாய் திறக்கமாட்டார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் தனி இடம் பாருங்கள்: சுயஉதவிக் குழுக் கட்டடம், பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு அங்கன்வாடி, களத்துமேட்டு நிழல். வீட்டில் பேசுவதாக இருந்தால், மாமியார் ‘நானும் இருக்கேனே’ என்று உட்கார்ந்துவிடுவார் என்பதை முன்கூட்டியே எதிர்பார்த்து, இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் மாமியாரிடம் அவருடைய காலத்துக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்க, இன்னொருவர் மருமகளோடு கொல்லைப்பக்கம் போகலாம்.

அன்றைய கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு ஈடு கொடுக்கவேண்டும். அந்த ஊர் நடவுக் கூலியை வேலை நேரத்தால் வகுத்து, பேட்டி நேரத்துக்கு ஏற்ப ரொக்கமாகக் கொடுங்கள். ஜிபே, போன்பே வேண்டாம்: வங்கிக் கணக்கோடு இணைந்திருப்பது கணவர் எண்ணாக இருந்தால் மெசேஜ் அங்கே போய் நிற்கும். ரீசார்ஜ் போட்டுக் கொடுப்பதிலும் இதே சிக்கல் உண்டு.

சம்மதம் வாங்குவது

2012 ஜனவரியில் ஃபேஸ்புக் 6,89,003 பேரின் நியூஸ் ஃபீடில், அவர்களுக்குத் தெரியாமலே, மகிழ்ச்சியான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ ஒரு வாரம் குறைத்துக் காட்டிப் பார்த்தது. 2014இல் முடிவு வெளியானபோது உலகம் முழுக்கக் கண்டனம் எழுந்தது. கணக்குத் தொடங்கும்போது ஏற்ற விதிமுறைகளே சம்மதத்துக்குப் போதும் என்பது அதைச் செய்தவர்கள் தரப்பு வாதம். ‘ஃபார்மை நிரப்பினாலே சம்மதம்தானே’ என்று சொல்லும் நம் ஆய்வுகளும் அந்த வாதத்திலிருந்து அதிகம் விலகி நிற்கவில்லை.

முதல் படி, நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் இதற்கு அடிப்படை. உங்கள் கல்லூரியில் குழு இல்லையென்றால், குழு உள்ள பல்கலைக்கழகத்தையோ மருத்துவக் கல்லூரியையோ சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பல வாரம் பிடிக்கும். நடவுக் காலத்தைக் கணக்கிட்டு விண்ணப்பியுங்கள்.

பெண்கள் மீதான வன்முறை பற்றிய ஆய்வுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2001இல் தந்த பாதுகாப்புப் பரிந்துரைகள் இங்கே அப்படியே பொருந்தும். ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டும் பேட்டி எடுங்கள். ஊருக்குள் ஆய்வின் பெயர் ‘பெண்களும் செல்போன் பயன்பாடும்’ என்பதுபோலப் பொதுவாக இருக்கட்டும். முழு விஷயத்தை அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்லுங்கள். கையொப்பமிட்ட தாளின் நகலை வீட்டில் விட்டு வராதீர்கள். கையெழுத்துக்குப் பதில் வாய்மொழிச் சம்மதத்தைப் பதிவு செய்ய நெறிமுறைக் குழுவிடமே அனுமதி கேட்கலாம். ‘நாளைக்கு இன்டர்வியூ ஞாபகம் இருக்கா அக்கா’ என்று வாட்ஸ்அப் அனுப்பவே கூடாது. நேரத்தை நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.

நடுவில் யாராவது வந்துவிட்டால் எதற்கு மாறுவது என்பதையும் தொடங்கும் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். ரேஷன், குடிநீர், பஸ் வசதி பற்றிய பத்துக் கேள்விகள் அடங்கிய தாள் ஒன்று மேலேயே இருக்கட்டும்.

18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதமும் பெண்ணின் ஒப்புதலும் இரண்டும் வேண்டும். பெற்றோர் சம்மதம் கேட்டாலே பெண்ணின் ரகசியக் கணக்கு வெளியே வந்துவிடும் என்றால், அந்தக் கேள்வியை அந்த வயதினரிடம் கேட்காமல் விடுவதே சரி. போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, சிறாருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். ‘நீ சொல்றது எதுவும் வெளியே போகாது’ என்று பொய் வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு புகார் கொடுப்பது பெரிய துரோகம். எதை மறைக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அளவுகோல்கள்

மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9, பதற்றத்துக்கு ஜிஏடி-7 என்ற வினாத்தாள்கள். இரண்டும் இலவசம், தமிழிலும் கிடைக்கின்றன. முதலாவதில் 9 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண், மொத்தம் 27. இரண்டாவதில் 7 கேள்வி, மொத்தம் 21. இரண்டிலும் 10 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரோ உளவியலாளரோ பார்க்கவேண்டும் என்று பொருள். ‘இவருக்கு மனச்சோர்வு நோய்’ என்று எழுத அது போதாது.

கேள்விகள் கேட்பது ‘கடந்த 2 வாரம்’ பற்றி. வெறுமனே அப்படிச் சொன்னால் பலர் நேற்றையோ, போன வருடத்தையோ நினைத்துப் பதில் சொல்வார்கள். ‘போன வெள்ளிக்கு முந்தின வெள்ளியிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும்’ என்று நாளைக் கட்டிக் கேளுங்கள். நான்கு பதில்களையும் நான்கு அட்டைகளாக்கி முன்னால் பரப்பிவிடுங்கள்: வெறும் தட்டு, கால் தட்டு, அரைத் தட்டு, நிறைந்த தட்டு. நான்கையும் வாயால் மட்டும் சொன்னால் ‘சில நாள்’ என்ற நடு பதிலே திரும்பத் திரும்ப வரும்.

டெல்டாவில் இந்த அளவுகோல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பிஎச்க்யூவின் 3ஆம் கேள்வி தூக்கம், 4ஆவது அசதி, 5ஆவது பசி. காலையிலிருந்து குனிந்து நாற்று நட்டவருக்கு அசதியில் 3 மதிப்பெண் விழும். கணவர் சவூதியில் இருப்பவருக்குத் தூக்கத்தில் 3 விழும்: அங்கே மணி இரவு 10 என்றால் இங்கே 12.30. அவர் வேலை முடித்து, குளித்து, சமைத்துச் சாப்பிட்டு ஐஎம்ஓவில் கூப்பிடும் நேரம் அது. காலை 5 மணிக்கு மறுபடி எழவேண்டும். சிங்கப்பூர் நமக்கு 2.30 மணி நேரம் முன்னால் என்பதால் அந்த வீடுகளில் இந்தச் சிக்கல் குறைவு. ‘இரவு போன் பயன்பாடு அதிகம், தூக்கக் குறைவு அதிகம், எனவே சமூக ஊடக அடிமைத்தனம்’ என்று எழுதிவிட்டால், மனைவியாக அவர் செய்யும் வேலையையே நோயாக எழுதியதாகிவிடும்.

இதற்காகக் கேள்வியைத் திருத்தாதீர்கள். திருத்தினால் மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட முடியாது. பக்கத்தில் ‘எதனால்?’ என்று ஒரு கட்டம் சேர்த்து, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள். மொத்த மதிப்பெண்ணோடு, இந்த மூன்றையும் விட்டுவிட்டு மீதி ஆறின் கூட்டலையும் தனியாகக் கொடுங்கள். அளவுகோலுக்கு முன்பு பொதுவாகவும் ஒரு கேள்வி கேளுங்கள். ‘மனச்சோர்வு’ என்று யாரும் சொல்லமாட்டார்கள். ‘மனசே சரியில்ல’, ‘நெஞ்சு படபடங்குது’, ‘எதுமேயும் ஒரு இது இல்ல’, ‘ஒரே யோசனையா இருக்கு’ என்பார்கள். எந்த உடல் உபாதையோடு சேர்த்துச் சொல்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பயன்பாட்டு நேரம் வேண்டியே ஆகுமென்றால், ஞாபகத்திலிருந்து கேட்காமல் போனில் பாருங்கள். தானாகச் சொல்லும் நேரத்துக்கும் போனில் பதிவான நேரத்துக்கும் உள்ள உறவு எண் (முழுதும் ஒத்துப்போனால் 1) சுமார் 0.38 மட்டுமே என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், டிஜிட்டல் வெல்பீயிங். ஐபோனில் ஸ்க்ரீன் டைம். ஸ்க்ரீன்ஷாட் வாங்காதீர்கள், மேலே வரும் நோட்டிஃபிகேஷனில் பெயர்கள் இருக்கும். எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நாலு பேர் பயன்படுத்தும் போனில் இந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

தினசரி மனநிலையைப் பதிவு செய்ய ஆப் வைப்பது நகரத்து ஆய்வுகளில் வழக்கம். பகிர்ந்த போனில் அது ஆபத்து. எல்லார் வீட்டுச் சுவரிலும் தினசரி காலண்டர் தொங்குகிறது. கிழித்த தாளைப் போடாமல் வைத்திருக்கச் சொல்லி, அதன் ஓரத்தில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, ஒரு கோடு என்று குறிக்கச் சொல்லுங்கள். எதற்கு எந்தக் குறி என்பதை அவரே முடிவு செய்யட்டும். வாரம் ஒருமுறை போய்க் கேட்டு எழுதிக்கொள்ளலாம். வேறு யார் பார்த்தாலும் பால் கணக்கு என்றுதான் நினைப்பார்கள்.

பேட்டி

தனிப் பேட்டி 20 முதல் 30 பேர், ஒருவருக்கு 45 முதல் 60 நிமிடம், முடிந்தால் இரண்டு முறை. முதல் முறையில் யாரும் முக்கியமானதைச் சொல்வதில்லை. குழு உரையாடல் என்றால் 6 முதல் 8 பேர், ஒரே தெரு, ஏறக்குறைய ஒரே வயது. குழுவில் சொந்த அனுபவத்தைக் கேட்கவே கூடாது. ‘இந்தப் பக்கத்துப் பொண்ணுங்களுக்கு இந்த மாதிரி வந்தா என்ன செய்வாங்க’ என்று கேளுங்கள். குழுவில் ஒருத்தி வாய்தவறிச் சொன்னது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

கேட்கத் தக்கவை: டிபியில் என்ன வைத்திருக்கிறீர்கள், ஏன் அது? கடைசியாக எந்த ஸ்டேட்டஸைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டது? ராத்திரி ஆன்லைனில் இருந்ததை வைத்து யாராவது கேள்வி கேட்டதுண்டா? ப்ளூ டிக் வந்தும் பதில் போடாததற்குச் சண்டை வந்ததுண்டா? ஃபில்டர் போடாத போட்டோவை அனுப்புவீர்களா? லோன் ஆப்பில் கடன் வாங்கியதுண்டா, போட்டோவை வைத்து மிரட்டினார்களா? கல்லூரிப் பெண்களிடம் கடைசியாக ஒன்று: வீட்டில் போனைச் சோதிப்பது எதைத் தேடி? பல வீடுகளில் தேடப்படுவது வேறு சாதிப் பையனின் பெயர். நேரடியாகக் கேட்காதீர்கள், வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பதில் சொல்கிறவர் திருப்பிக் கேள்வி கேட்பார்: ‘உங்களுக்குக் கல்யாணம் ஆச்சா?’, ‘இந்த அக்கவுண்ட்ட எப்படிம்மா ப்ளாக் பண்றது?’ பதில் சொல்லாமல் நடுநிலை காப்பதாக நினைத்து மழுப்புவது பழைய பாடப்புத்தகப் பழக்கம். அதைப் பெண்ணியச் சமூகவியலாளர் ஆன் ஓக்லி 1981இலேயே கேள்விக்குள்ளாக்கிவிட்டார். பதில் சொல்லுங்கள். ப்ளாக் செய்யக் கற்றுக்கொடுப்பதைப் பேட்டி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நன்றிக்காகப் பதில் மாறும். பேட்டி எடுப்பவரின் சாதி, படிப்பு, ஊர் ஆகியவையும் பதிலை மாற்றும். அதை முன்னுரையில் ஒரு வரியாக ஒப்புக்கு எழுதாமல், எந்தப் பேட்டியை யார் எடுத்தார் என்று அட்டவணையில் குறித்து, வேறுபாடு தெரிகிறதா என்று பாருங்கள்.

இணையப் பதிவுகளை எடுப்பது

சுருக்கமாகச் சொன்னால்: மூடிய குழுக்களில் சொல்லாமல் உட்கார்ந்து படிக்கக் கூடாது. எல்லாரும் பார்க்கும்படி இருக்கும் பதிவைக்கூட எழுத்துக்கு எழுத்து மேற்கோள் காட்டாதீர்கள். அந்த வரியைத் தேடல் பெட்டியில் போட்டால் ஆள் வந்துவிடும். பொருள் மாறாமல் வேறு சொற்களில் எழுதுங்கள். கமெண்டின் தொனியை வகைப்படுத்தும் மென்பொருள், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில் தடுமாறும், ‘நல்லா இருப்ப’ என்ற சாபத்தைப் பாராட்டாக எண்ணிவிடும். 200 கமெண்டை இரண்டு பேர் தனித்தனியாகக் கையால் வகைப்படுத்தி, இருவர் வகைப்பாடும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கப்பா மதிப்பு 0.7க்குக் கீழே போனால் வகைகளைத் திருத்தி மறுபடி தொடங்குங்கள். வசவுக் கமெண்டுகளை ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் படிக்கவைக்காதீர்கள். படிக்கும் மாணவிக்கும் மனநலம் உண்டு.

நடுவில் ஆபத்து தெரிந்தால்

பிஎச்க்யூவின் 9ஆம் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது. 0 தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றே நடவடிக்கை வேண்டும். இதனால்தான் ஆன்லைன் ஃபார்மில் இந்தக் கேள்வியை வைத்துவிட்டு மாதம் கழித்துப் பார்ப்பது மன்னிக்க முடியாதது. பேட்டியை நிறுத்துங்கள். இப்போது அந்த எண்ணம் இருக்கிறதா, எப்படி என்று யோசித்ததுண்டா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. திட்டம் இருக்கிறதென்றால் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். அவர் நம்பும் ஒருவரை அவர் அனுமதியோடு கூப்பிடுங்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அன்றைக்கே வெளியேற்ற ஏற்பாடு செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு உங்கள் போனிலிருந்து கூப்பிட்டுக் கொடுங்கள்; 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

களத்துக்குப் போகும் முன்பே அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவுக்கும் மாவட்ட மனநலத் திட்ட அலுவலகத்துக்கும் நேரில் போய், புறநோயாளி நாள், நேரம், எந்தக் கட்டடம், எந்தப் பஸ் என்று எழுதி வாருங்கள். ‘மனநல மருத்துவரைப் பாருங்கள்’ என்று சொல்லிவிட்டு வருவது உதவியில் சேராது.

எண்களைக் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். ‘பெண்கள் உதவி எண்’ என்ற அட்டை அலமாரியில் இருந்தால் அதுவே சண்டைக்குக் காரணமாகும். ‘அவசர எண்கள்’ என்று பொதுவாக ஒரு அட்டை அச்சிடுங்கள்: ஆம்புலன்ஸ் 108, கேஸ் கசிவு 1906, மருத்துவ ஆலோசனை 104, குழந்தைகள் 1098, பெண்கள் 181, சைபர் மோசடி 1930, மனநலம் 14416. ஊரில் எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள். வன்முறை என்றால் மாவட்டத்தில் ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது.

போட்டோவை வைத்து மிரட்டுவதாகச் சொன்னால் வரிசை இது. மெசேஜை அழிக்காதீர்கள். மிரட்டியவரின் ப்ரொஃபைல் முகவரி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வீட்டார் பார்க்காத இடத்தில் சேமிக்கவேண்டும்; அந்தப் படத்தை ஆய்வுக் குழு தன் போனில் வாங்கவே கூடாது. பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த வாரம் மறுபடி கேட்பார்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் பதிவுகளுக்குப் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். 18 வயது நிரம்பியவர்கள் ‘ஸ்டாப் என்சிஐஐ’ தளத்தைப் பயன்படுத்தலாம்: படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் எண்ரேகை (படத்துக்குக் கைரேகை போன்ற ஒரு குறியீடு) மட்டும் பதிவாகி, சேர்ந்திருக்கும் நிறுவனங்களின் தளங்களில் அதே படம் ஏறுவதைத் தடுக்கும். 18க்குக் கீழே உள்ளவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற தளம். எதைச் செய்வது, செய்வதா வேண்டாமா என்பதை அவரே சொல்லட்டும்.

பூட்டி வைப்பது

பெயருக்குப் பதில் எண். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் தனித் தாளில், தனிப் பூட்டில். கோபோ டூல்பாக்ஸ் போன்ற செயலியில் நெட் இல்லாமலே பதிந்து, மையத்துக்கு வந்ததும் ஏற்றிவிட்டு டேப்லெட்டிலிருந்து அழித்துவிடுங்கள். ஒலிப்பதிவை எழுத்தாக்கிச் சரிபார்த்ததும் அழிக்கவேண்டும்; தட்டச்சுக்கு வெளியே கொடுப்பதாக இருந்தால் பக்கத்து ஊர்க் கடையில் கொடுக்காதீர்கள்.

பெயரை நீக்கினால் மட்டும் அடையாளம் போய்விடாது. ‘வெண்ணாற்றுப் பாசனக் கடைமடைக் கிராமம், 34 வயது, பி.எட். படித்தவர், கணவர் குவைத்தில்’ என்று எழுதினால் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வயதைப் பத்துப் பத்தாக, ஊரை ‘வயல் ஊர்’, ‘கடலோர ஊர்’ என்று, நாட்டை ‘வளைகுடா’ என்று மாற்றுங்கள்.

கணக்கு

ஒரு மாவட்டத்தில் எத்தனை விழுக்காடு என்று சொல்லவேண்டுமென்றால், 50% எதிர்பார்ப்பு, 5% பிழை, 95% நம்பிக்கை என்ற வழக்கமான சூத்திரத்தில் 385 பேர் வேண்டும். ஊர் ஊராகத் தேர்ந்தெடுத்தால் ஒரே ஊர்க்காரர்கள் ஒத்த பதில் தருவார்கள். குறைந்தது ஒன்றரை மடங்காக்கி 578 ஆகக் கொள்ளுங்கள். முடியாதென்றால் விழுக்காடு பேசாமல் 25 பேட்டியை ஆழமாக எடுங்கள். அறுபது பேரை வைத்துக்கொண்டு விழுக்காட்டைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை எழுதுவது ஏமாற்று.

பகுப்பாய்வில் பயன்பாட்டு நேரத்தை மட்டும் போடாமல் போன் வரைபடத்திலிருந்து வரும் மூன்றையும் சேருங்கள்: லாக் தன்னிடம் மட்டுமா, ரீசார்ஜ் தன் கையிலா, அழிக்கும் பழக்கம் உண்டா. கூலி, சாதி, திருமண நிலை, கணவர் இருக்கும் ஊர் ஆகியவையும் வேண்டும். ஒருமுறை மட்டும் எடுத்த ஆய்வில் எது காரணம், எது விளைவு என்று சொல்ல முடியாது: மனசு சரியில்லாததால் ரீல்ஸ் பார்க்கிறாரா, பார்ப்பதால் சரியில்லையா என்பதற்கு ஆறு மாதம் கழித்து அதே பெண்களிடம் மறுபடி போகவேண்டும்.

திரும்பக் கொண்டுபோவது

அறிக்கை அச்சாகும் முன்பு, சம்மதித்தவர்களில் சிலரிடம் அவர்கள் சொன்னதை நீங்கள் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டுங்கள். ‘இத எழுதாதீங்க’ என்று சொன்னால் எடுத்துவிடுங்கள். ஆய்வுக்கு எவ்வளவு ருசியான வரியாக இருந்தாலும் சரி. ஊருக்குச் சொல்வதற்குக் குழுக் கூட்டம் நடக்கும் நாளைக் கேட்டுப் போய், அரை மணி நேரம் வாயால் சொல்லுங்கள். பிடிஎஃப் அனுப்பாதீர்கள். அந்தக் கூட்டத்தில் அந்த ஊர்க் கதை எதையும் உதாரணமாகச் சொல்லக் கூடாது. கடலோர ஊரில் வயல் ஊரின் கதையையும், வயல் ஊரில் கடலோரக் கதையையும் சொல்லுங்கள். லாஸ்ட் சீன் மறைப்பது, லிங்க்டு டிவைசஸ் பார்ப்பது, இரண்டடுக்குப் பாதுகாப்பு போடுவது ஆகிய மூன்றையும் பொதுவாக எல்லாருக்கும் சேர்த்துச் செய்து காட்டலாம். அதற்கு உங்கள் போனையே பயன்படுத்துங்கள்.